படமும் ஓர் உரையே: சிறுவர்க்கான விவிலியச் சித்திர நூல்கள்

திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் நம் கண்முன் நிறுத்துகின்றது. மலைக்கு வந்த மக்கள் ஓவியங்களைக் கண்டு, இவர் யார், இது யாது என வினவுகின்றனர். உடன் வந்தோர் ஒவ்வோர் உருவாகச் சுட்டிக்காட்டி விடையிறுக்கின்றனர். பூனை வடிவங்கொண்ட இந்திரன், அகலிகை, கௌதமன் என உருக்கள் இனங்காட்டப்படக் கதை விரிகின்றது. வினவுவோர் அறியாதார், விடை சொல்வோர் அறிந்தார், இருவருக்கும் நடுவே ஓவியம் நிற்கின்றது. படங்காட்டிக் கதை சொல்லுதல் மேனாட்டார் நமக்குக் கற்பித்த வித்தையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அறியாதான், அறிந்தான், ஓவியம் என்னும் இம்மூன்றன் கூட்டே சிறுவர்க்கான சித்திர நூலின் உயிராகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நூல் பயன்படாது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, விவிலியக் கதைகளைச் சித்திர நூல்கள் வாயிலாகச் சிறுவர்க்கு அறிமுகஞ் செய்தல் பற்றிச் சில கருத்துக்களை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

நான் சைவ மரபில் வந்தவன், தமிழ் கற்பிப்பவன். என் வகுப்பிலே சைவப் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர். விவிலியக் கதைகள் ஒரு சாராருக்கு வேதம். மற்றைச் சாராருக்கு உலக இலக்கியத்தின் திறவுகோல்களுள் ஒன்று. தேம்பாவணியை விளங்கிக்கொள்ளவும் அவை வேண்டும். மேனாட்டு நாவலையும் ஓவியத்தையும் விளங்கிக்கொள்ளவும் அவை வேண்டும். இராமன் கதையை அறியாத கிறித்தவப் பிள்ளை தமிழிலே எத்துணை இழக்கின்றதோ, யோசேப்பின் கதையை அறியாத சைவப் பிள்ளையும் அத்துணை இழக்கின்றது. எனவே இது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய பொருளன்று.

வந்த வழி

கி.பி. 600ஐ ஒட்டிய காலத்திலே மார்சேய் நகர ஆயரான செரேனுஸ் என்பார் தம் ஆலயத்துப் படங்களை உடைப்பித்தார். மக்கள் அவற்றை வழிபடத் தொடங்கியமை அவருக்குப் பிடிக்கவில்லை. உரோமாபுரியிலிருந்த திருத்தந்தை முதலாம் கிரகோரியார் அவரைக் கடிந்து எழுதினார். படத்தை வழிபடல் ஆகாது. ஆயினும் எழுத்தறிந்தோர்க்கு நூல் செய்யும் பணியை எழுத்தறியாதார்க்குப் படம் செய்கின்றது என்பது அவர் கொள்கை. பின்வந்தோர் பலர் படத்துக்காக வாதாடியபோதெல்லாம் இக்கொள்கையையே பற்றுக்கோடாகக் கொண்டனர்.

15ஆம் நூற்றாண்டில் 'ஏழைகளின் விவிலியம்' எனப் பெயர் பெற்ற நூல் மரப்பலகையிற் படத்தையும் எழுத்தையும் ஒருங்கே செதுக்கி அச்சிடப்பட்டது. பெரும்பாலும் 40 பக்கங்கள். பக்கத்தின் நடுவில் இயேசுவின் வாழ்விலிருந்து ஒரு காட்சி. இருமருங்கிலும் பழைய ஏற்பாட்டிலிருந்து அதற்கு இணையான இரண்டு காட்சிகள். இயேசுவை அடக்கஞ் செய்யும் காட்சிக்கு ஒருபுறம் குழியில் இறக்கப்படும் யோசேப்பு; மறுபுறம் மீனின் வாய்ப்படும் யோனா. உவமையும் பொருளுமாக நிறுத்திக் கற்பிக்கும் இம்முறை அணியிலக்கணம் பயின்ற நமக்குப் புதிதன்று.

சிறுவரையே கருதி இம்முறையைக் கையாண்டவர்களுள் மார்ட்டின் லூதர் முன்னிற்கின்றார். 1529இல் தம் செபநூலொன்றோடு ஏறக்குறைய 50 மரச்செதுக்குப் படங்களைச் சேர்த்து வெளியிட்டார். குழந்தைகளும் எளியோரும் வெறுஞ் சொல்லாற் கேட்பதினும் படத்தாற் கண்டதை நெடிது நினைவிற் கொள்வர் என்பது அவர் கூறிய காரணம். 1658இல் கொமேனியுஸ் என்னும் கல்வியறிஞர் நூரெம்பர்க்கில் வெளியிட்ட 'கட்புல உலகச் சித்திரம்' விவிலிய நூலன்று. எனினும் சிறுவர் சித்திர நூல்களுக்கெல்லாம் அது வழிகாட்டி. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கமிட்டு, அவ்விலக்கத்தையே பாடத்திலுள்ள சொல்லுக்கும் இட்டார். கண் படத்திலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து படத்துக்கும் போய் வந்தது.

1714இல் அம்பர்க் நகரத்துப் பாடசாலைத் தலைவராயிருந்த யோகான் ஹூப்னர், பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதிய ஏற்பாட்டிலிருந்து 52 என 104 கதைகளைத் தெரிந்தெடுத்து வெளியிட்டார். கிழமைக்கு இரண்டு கதைகள் வீதம் ஓராண்டுப் பாடம். கதையின் இறுதியில் வினாக்கள், பயனுள்ள படிப்பினைகள், சிந்தனைக்கான செய்யுள் என அமைத்தார். பிற்காலப் பதிப்புகள் படங்களுடன் வந்தன. 1860இல் ஷ்னோர் என்னும் ஜெர்மானிய ஓவியர் 240 படங்களால் விவிலியம் முழுவதையுந் தொடராக்கினார். 1866இல் பிரான்சு தேசத்துக் குஸ்தாவ் தொரேயின் படங்களுடன் பெருவிவிலியம் வெளிவந்தது.

20ஆம் நூற்றாண்டில் இக்கலை தனிப்பெருந் துறையாயிற்று. அமெரிக்காவிலே சிறந்த சிறுவர் சித்திர நூலுக்கென நிறுவப்பட்ட கால்டெகொற் பதக்கம் 1938இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றது டொரதி லாத்ரொப் வரைந்த 'விவிலியத்து விலங்குகள்' என்னும் நூலே. ஒல்லாந்து தேசத்திலே கேஸ் டெ கோர்ற் என்பார் 1967 முதல் வரைந்த சிறு நூல்கள் மற்றொரு வழியைத் திறந்தன. தடித்த கரிய கோடுகள், வெறுமையான பின்புலம், அகன்ற கண்கள், இவ்வளவே. குழந்தை முதலில் முகத்தையே பார்க்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உரையாசிரியனும் ஓவியனும்

இனி ஆராயவேண்டியது ஒன்றுண்டு. படத்தை நாம் நூலுக்கு அழகு செய்யும் அணிகலன் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். அது தவறு. குழந்தைக்குப் படம் ஓர் உரை. திருக்குறளைப் பரிமேலழகர் உரையின்றிப் படியாதவன் எவ்வாறு அவ்வுரையையே குறளின் பொருளாகக் கொள்கின்றானோ, அவ்வாறே குழந்தை ஓவியன் காட்டியதையே கதையாகக் கொள்கின்றது. ஆதலின் உரையாசிரியனிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை ஓவியனிடமும் எதிர்பார்த்தல் வேண்டும். மூலத்தில் இருளாயுள்ள இடத்தை விளக்குக. மூலத்துக்கு மாறு கூறற்க. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பின் அளவறிந்து சேர்க்க. இம்மூன்றே அவ்விதிகள்.

இவ்விதிகள் எத்துணை எளிதில் மீறப்படுகின்றன என்பதற்குச் சான்றுகள் பல. ஏதேன் தோட்டத்து விலக்கப்பட்ட கனி இன்ன கனி என்று விவிலியம் கூறவில்லை. ஆயினும் 'அது அப்பிள்' என்று வகுப்பிலே பிள்ளைகள் ஒருவாய்ப்படச் சொல்வர். குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த ஞானியர் மூவர் என்றோ, அரசர் என்றோ மத்தேயு எழுதவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதே அவர் கூற்று. படத்திலோ முடி தரித்த மூவர் ஒட்டகத்தில் வருகின்றனர். யோனாவை விழுங்கியது பெரிய மீன் என்பது மூலம். படங்களிலே அது பெரும்பாலும் நீர் பீய்ச்சும் திமிங்கிலமாகிவிடுகின்றது. இவை பெருங்குற்றங்கள் என நான் கூறவில்லை. ஓவியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிய உரை மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட விதத்தையே சுட்டுகின்றேன்.

நோவாவின் பேழையை எடுத்துக்கொள்வோம். நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என ஆதியாகமம் கணக்குத் தருகின்றது. முழம் 18 அங்குலம் எனக் கொள்ளின், நீளம் 450 அடி. மலிவான சித்திர நூல்களிலோ அது தொட்டி போன்றதொரு சிறு வள்ளம். கூரைக்கு மேலே ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளை விளையாட்டு மைதானத்துக்கு அழைத்துச் சென்று, முழக்கோலும் கயிறும் கொடுத்து அளக்கச் செய்தேன். மைதானம் முடிந்தது, வேலி வந்தது, பேழை முடியவில்லை. அன்று அவர்கள் கொண்ட வியப்பை எந்தச் சித்திர நூலும் அதுவரை அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.

சொல் தடுமாறுமிடத்துப் படம்

படம் மூலத்தை மறைப்பதும் உண்டு என்றேன். சொல் தடுமாறும் இடத்திலே படம் கைகொடுப்பதும் உண்டு. தமிழ் விவிலியத்தில் 'வனாந்தரம்' என்னும் சொல் அடிக்கடி பயில்கின்றது. 'வனம்' எனக் கேட்ட நம் பிள்ளை வன்னிக்காட்டை நினைக்கும். பாலையும் முதிரையும் ஓங்கி நிற்கும் அடர்காட்டிலே இடையன் ஆடுகளை விட்டுச் சென்றான் எனக் கொள்ளும். யூதேயாவின் வனாந்தரமோ கல்லும் மணலும் காய்ந்த புல்லுமான வறள்நிலம். ஒரு படம் இதனை ஒரு கணத்தில் உணர்த்திவிடும்.

'ஆடு' என்றால் நம் பிள்ளைக்கு முற்றத்திலே குழை தின்னும் வெள்ளாடுதான். செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் இடையன் வேறுபிரிக்கும் உவமையைப் படமின்றிச் சொல்லின் அதன் கூர்மை மழுங்கும். யாக்கோபின் கிணற்றருகே இயேசு சமாரியப் பெண்ணோடு பேசியதைச் சொல்லி, அதனை வரைக எனப் பணித்தேன். ஒரு மாணவி கிணற்றுக்குத் துலாவும் பட்டையும் போட்டு வரைந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேறெதனை வரையும்? பின்னர் அந்நாட்டுக் கிணற்றின் படத்தைக் காட்டினேன். கயிறும் பாத்திரமும் இன்றி வந்த வழிப்போக்கன் அப்பெண்ணிடம் தண்ணீர் கேட்க நேர்ந்த காரணத்தை அவளே கண்டுகொண்டாள்.

மற்றொன்று சகேயு ஏறிய மரம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைக் 'காட்டத்தி' என்றனர். இது மிகப் பொருத்தமான சொல். அந்நாட்டு மரம் நம் அத்திக்கு நெருங்கிய இனம். நம் அத்தியைப் போலவே மரத்தோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாகக் காய்ப்பது. தாழக் கிளைவிட்டுக் குள்ளனும் ஏறுதற்கு எளிதாயிருப்பது. ஐரோப்பியப் படங்கள் சிலவற்றிலோ சகேயு குளிர்நாட்டு மரமொன்றில் அமர்ந்திருக்கின்றான். இங்கே தமிழ்ச் சொல் படத்தைத் திருத்துகின்றது. சொல்லும் படமும் ஒன்றையொன்று காக்க வேண்டும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

கடிய கதைகள்

சிறுவர் விவிலிய நூல்களை எழுதுவோர் அனைவரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. விவிலியத்திலே கொலையும் வஞ்சமும் பேரழிவும் உள்ளன. அவற்றை விடுவதா, மெழுகுவதா, உள்ளவாறே காட்டுவதா?

தொரே வரைந்த பெருவெள்ளப் படத்தைக் கண்டோர் மறவார். எங்கும் நீர், எஞ்சிய ஒரு பாறை, அதன்மேல் தம் குழந்தைகளை ஏற்றிவிட முயலும் பெற்றோர், அவர்களோடு குட்டியை வாயிற் கவ்விய புலி. மனிதனும் விலங்கும் ஒரே துயரத்தில் ஒன்றுபட்ட அக்காட்சி பெருங்கலை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் இரவு உறக்கத்துக்கு உகந்ததன்று. இதற்கு நேர்மாறாக, இன்று கடைகளில் கிடைக்கும் நூல்கள் பலவற்றில் வெள்ளம் என்பது விலங்குகளின் உல்லாசப் பயணம். எல்லா முகங்களும் சிரிக்கின்றன. இறுதியில் வானவில் தோன்றுகின்றது. எதற்காகத் தோன்றுகின்றது என்பதைப் பிள்ளை அறியாது.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியைப் பீற்றர் ஸ்பியர் காட்டினார். 1977இல் வெளிவந்து மறு ஆண்டு கால்டெகொற் பதக்கம் பெற்ற அவருடைய 'நோவாவின் பேழை' ஏறத்தாழச் சொல்லேயில்லாத நூல். பேழைக்குள்ளே சாணம் அள்ளுதலும் தீனி போடுதலுமாகிய ஓயாத வேலையை நகைச்சுவையோடு வரைந்தார். ஆயினும் ஏறாது விடப்பட்ட விலங்குகள் வெளியே நிற்க, நீர் அவற்றின் கால்களைச் சுற்றி ஏறுவதையும் வரைந்தார். இரத்தம் இல்லை, அலறல் இல்லை, உண்மை இருக்கின்றது. பார்க்கக்கூடிய பிள்ளை பார்க்கும். பருவம் வாராத பிள்ளை பக்கத்தைத் திருப்பிவிடும்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் நான் கடற்கரையூர்ப் பாடசாலையொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். நோவாவின் கதை வந்தது. சிரிக்கும் விலங்குகள் நிறைந்த சித்திர நூலொன்று வகுப்பிலே கைமாறிக்கொண்டிருந்தது. பின்வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன், "ஐயா, வெளியில நிண்ட பிள்ளையள் எங்க?" என்று கேட்டான். அவன் வீட்டில் இருவர் திரும்பி வராதவர். நூலைப் புரட்டிப் புரட்டி அவர்களைத் தேடியிருக்கின்றான்; ஓவியர் அவர்களை வரையவில்லை. "நூல் அவர்களைச் சில வரிகளிலே சொல்லிப் போகின்றது, தம்பி. நீ அவர்களை நினைத்தாயே, அது நல்லது" என்றேன். அடுத்த கிழமை அவன் தானே வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்தான். பேழையின் சாளரத்திலிருந்து நீண்ட கயிறொன்று நீரை நோக்கித் தொங்கியது.

அக்கயிறு மூலத்தில் இல்லை. நான் மேலே வகுத்த விதிப்படி அஃது இல்லாததைச் சேர்த்த உரை. ஆயினும் அதனை அழிக்கும்படி நான் சொல்லவில்லை. நூல் தந்த படம் மறைத்த வினாவை அவன் படம் கேட்டது. பிள்ளைகள் துயரத்தை அறியார் என எண்ணி நாம் துயரமில்லாப் படங்களைக் கொடுக்கின்றோம். நம் நாட்டுப் பிள்ளைகளுள் பலர் நம்மினும் அதிகம் அறிந்திருக்கின்றனர்.

இதனால் எல்லாவற்றையும் எல்லார்க்கும் காட்டலாம் என்பது என் கருத்தன்று. ஆபிரகாம் மகனைப் பலியிடச் சென்ற கதையைக் கத்தி ஓங்கிய கையோடு கீழ்வகுப்பிற் காட்டல் வேண்டா. சிறுத்தொண்டர் கதையைப் பாலருக்குக் கூறுமிடத்து நாம் கைக்கொள்ளும் அடக்கத்தையே இங்கும் கைக்கொள்ளலாம். உரிய பருவம் வரும்வரை ஒரு கதையை வைத்திருத்தல் அறிவுடைமை. அதனைப் பொய்யான மகிழ்ச்சியாக மாற்றிக் கொடுத்தல் அறிவுடைமையன்று.

தமிழ் எங்கே?

படத்தைப் பற்றி இத்துணை கூறியபின், அதன் கீழுள்ள தமிழைப் பற்றியும் கூறாதுவிடின் தமிழாசிரியன் என்னும் பெயர் எனக்குப் பொருந்தாது. இக்காலத்து வண்ண நூல்களுட் பல, பல மொழிகளுக்கு ஒருங்கே அச்சிடப்படுபவை. படங்கள் எல்லா மொழிக்கும் பொது. எழுத்துக்குரிய கறுப்புத் தகட்டை மட்டும் மொழிதோறும் மாற்றுவர். விலை குறைகின்றது, அதனை வரவேற்கின்றேன். ஆனால் ஆங்கிலத்துக்கென விட்ட இடத்திலே தமிழைத் திணிப்பதால் எழுத்துச் சிறுத்துவிடுகின்றது. வாக்கியமும் ஆங்கில வாக்கியமாகவே நின்றுவிடுகின்றது. 'யோசேப்பு தன் சகோதரர்களால் வெறுக்கப்பட்டான்' என எழுதுகின்றனர். 'அண்ணன்மார் யோசேப்பை வெறுத்தனர்' என எழுதினால் பாட்டி சொன்ன கதைபோல் இருக்குமன்றோ?

ஆங்கிலத்திலே மூத்தவனும் இளையவனும் ஒரே சொல்லால் வழங்குவர். தமிழிலே அண்ணன், தம்பி எனப் பிரிக்காமல் கதை நடவாது. காயீன் கொன்றது 'சகோதரனை' என்பதினும் 'தம்பியை' என்பது நெஞ்சைச் சுடும். எகிப்திலே யோசேப்பு கண்கலங்கித் தனியறை புகுந்தது தன் தம்பி பென்யமீனைக் கண்டபோது. இவ்வுறவுப் பெயர்களே தமிழ்ப் பிள்ளையைக் கதைக்குள் அழைத்துச் செல்லும் வாயில்கள்.

பெயர் பற்றியும் ஒரு சொல். முற்காலக் கத்தோலிக்கத் தமிழில் பவுல் 'சின்னப்பர்', யோவான் 'அருளப்பர்'. பவுல் என்பதற்குச் சிறியவர் என்றும், யோவான் என்பதற்கு இறைவன் அருளுடையவன் என்றும் பொருள் உண்மையால் அவ்வாறு ஆக்கினர். வீரமாமுனிவர் தேம்பாவணியின் தலைவராகிய சூசையை 'வளன்' என்றார். அப்பெயரின் மூலப்பொருள் பெருகுதல். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இரு திருச்சபையாரும் ஏற்கத்தக்க பெயர்களைத் தந்திருக்கின்றது. சிறுவர் நூல்கள் அவற்றைக் கொள்ளுதல் நன்று. ஆசிரியர் பழம்பெயர்களையுஞ் சொல்லிவைத்தல் அதனினும் நன்று.

இம்மண்ணிலே விவிலியமும் தமிழுரைநடையும் ஒன்றோடொன்று பழகியவை. ஆறுமுக நாவலர் இளமையிலே பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். பின்னர்ப் பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் வெளியிட்டார். மாணாக்கர்க்குப் பாலபாடங்கள் எழுதினார். கற்பிக்கப்படும் பொருள் எதுவாயினும் பிள்ளைக்குக் கொடுக்கும் தமிழ் பிழையற்றதாயிருத்தல் வேண்டும் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற கட்டளை.

ஆசிரியர்க்கு

வகுப்பிலே நான் கையாளும் முறை எளியது. முதலில் எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டுவேன். யார், எங்கே, என்ன நடக்கின்றது எனப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். அடுத்துக் கதையை மூலத்துக்கு அணித்தாக, நல்ல தமிழில் உரக்கப் படிப்பேன். மூன்றாவதாக மீண்டும் படத்துக்கு வருவோம். ஓவியர் எதனைச் சேர்த்தார், எதனை விட்டார், நீயாயின் எக்கணத்தை வரைவாய் என வினவுவேன். தாவீதின் கதையிலே எல்லாரும் கவண்கல் பறக்கும் கணத்தையே வரைவர். சவுல் அரசன் அணிவித்த கவசம் தனக்குப் பழக்கமில்லை என்று, அதனைக் கழற்றிவைத்து, ஓடையில் ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கிய கணத்தை ஒரு பிள்ளை தெரிந்தெடுத்தால், அப்பிள்ளை கதையைப் படித்துவிட்டது என்று பொருள். படிப்பினையை நான் இறுதியிற் கூறுவதில்லை. ஊதாரி மகனைத் தொலைவிற் கண்டு ஓடிவரும் கிழத்தந்தையின் படத்தைச் சற்று நேரம் பார்க்கவிட்டால் போதும்.

நம் நாட்டிலே நல்ல ஓவியர் இருக்கின்றனர். நல்ல தமிழ் எழுதுவோர் இருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து, மூலத்தை முழுதும் படித்து, பாலஸ்தீனத்தின் மண்ணையும் மரத்தையும் ஆராய்ந்து, தமிழ்ப் பிள்ளைக்கென்றே பத்துக் கதைகளேனும் செய்துதரல் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் அச்சுக்கு அனுப்புமுன் ஒரு வகுப்பிலே காட்டி, பின்வாங்கில் இருக்கும் பிள்ளை என்ன கேட்கின்றது என்று கேட்டுக்கொள்க. உரைக்கு உரைகல் அதுவே.